ராத்தாவின் தென்னையில் இருந்தது வல்லூறா?

முதல் தடவை அதைக் கண்டபோது என் வாயில் பற்பசை நுரை இருந்தது. மருதமுனையில் நாங்கள் இருக்கும் வீடு என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. பக்கத்து வீடும் வளவும் அவளுடைய ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு உரியவை. தகப்பன் ஒரே காணியை மதில் கட்டி இரண்டு மகள்மாருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். அன்று காலை எங்கள் மொட்டைமாடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ராத்தாவின் தென்னையில், தாழ்ந்த மட்டை ஒன்றில் சாம்பல் நிறப் பறவை ஒன்று வந்து குந்தியது. புறாவைவிடக் கொஞ்சம் பெரிது. நெஞ்சில் குறுக்காகச் செம்பழுப்புக் கோடுகள். எங்கள் ஊரில் வளைந்த சொண்டுள்ள எல்லாவற்றுக்கும் பருந்து என்றுதான் பெயர். இது பருந்தில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது. கீழே ஓடிப்போய் போனை எடுத்து வருவதற்குள் மட்டை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

ராத்தாவின் புருஷன் கட்டாரில் வேலை செய்கிறார். போன லீவுக்கு வந்தபோது எனக்கென்று ஒரு பைனாகுலர் கொண்டுவந்து தந்திருந்தார். பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் கிடந்ததை அன்றுதான் வெளியில் எடுத்தேன். கல்முனை பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறவன் நான். கடைக்குப் போகுமுன் அரை மணித்தியாலம், வெள்ளிக்கிழமையில் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம், இவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் நேரம். போனில் பறவைப் படங்களைப் பார்த்துப் பார்த்து, இரண்டில் ஒன்று என்ற அளவுக்கு வந்துசேர்ந்தேன். ஒன்று வல்லூறு. மற்றது அதே சாயலில் இருக்கும் ஒரு காட்டு வகை. அதற்குத் தொண்டையின் நடுவே தடித்த கறுப்புக் கோடு ஓடும். வல்லூறுக்கு அந்தக் கோடு மெல்லிசு. தொண்டையை ஒரு தரம் ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

அந்த ஒரு தரம்தான் கிடைக்கவில்லை. "கீ... கீ..." என்ற சத்தம் கேட்டு, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறுவேன். மின்கம்பியில் கரிச்சான் இருந்து அதே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். வல்லூறின் குரலைக் களவெடுக்கிற குருவி அது என்பதை மூன்று தடவை ஏமாந்த பிறகுதான் வாசித்தேன். ஒரு நாள் அது ஓலை மறைவில் இருந்தபோது, பைனாகுலரில் போனை ஒட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்து, பறவை பார்க்கிறவர்களின் முகநூல் குழு ஒன்றில் போட்டேன். ஒருவர் வல்லூறு என்றார். அடுத்தவர் இல்லவே இல்லை என்றார். மூன்றாமவர், தென்னோலை நல்ல தெளிவாக விழுந்திருக்கிறது என்று எழுதினார்.

ஒரு பின்னேரம் மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இஞ்சருங்க, ராத்தா ஒரு கதை கதைச்சா."

"என்ன கதை?"

"நீங்க கண்ணாடியப் புடிச்சிக்கிட்டு அவட வளவையே பாக்கியளாம். கொமரு இரிக்கிற வீடு, உடுப்புக் காயப்போட வெளிய வர ஏலாம இரிக்காம்."

ராத்தாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. "நான் பாக்கிற தென்னையில இரிக்கிற குருவிய!" என்றேன்.

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

ராத்தா கட்டாருக்கும் முறையிட்டிருந்தார். அவருடைய புருஷன் சிரித்துவிட்டு, "அத நான்தானே வாங்கிக் குடுத்த" என்றாராம். அதற்கும் சேர்த்து என்னில்தான் கோபம். அடுத்த நாள் மதிலுக்கு மேலே ஆறு முழ உயரத்துக்குப் பச்சை வலை எழும்பியது. பறவை வந்து இருக்கும் அந்தத் தாழ்ந்த மட்டை சரியாக வலைக்குப் பின்னால் போய்விட்டது.

குற்றம் செய்யாதவன் எவ்வளவு காலம் தலையைக் குனிந்துகொண்டு திரிவது? மனைவியிடம் சொல்லி, ராத்தாவையே மாடிக்கு அழைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவர் வந்து, பிளாஸ்டிக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்தார். காகங்கள் வந்தன. அணில் வந்தது. கடைசியில் கடற்பக்கமிருந்து செம்பருந்து ஒன்று, காலில் மீனோடு உயரத்தில் போனது.

"இந்தா போகுது உங்கட பருந்து" என்றார் ராத்தா.

"இது செம்பருந்து மதினி. நான் செல்ற வேற."

"பருந்துக்குள்ள என்ன தம்பி வேற?"

அவர் இறங்கிப் போனதும் அந்தக் கதிரையில் நான் இருந்தேன். எனக்குப் பறவை மீதே ஆத்திரம் வந்தது.

அடுத்த கிழமை கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. ராத்தாவின் வளவுக்குள் பறவை இறங்கிக் கோழிக்குஞ்சு ஒன்றைத் தூக்கிவிட்டதாம். தூக்கியதோடு போகாமல், கிணற்றுக் கட்டில் வைத்தே பிய்த்ததாம். ராத்தா ஐந்தடி தூரத்தில், முற்றம் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றாராம். மத்தியானம் சோற்றுக்கு வந்தவன், கையும் கழுவாமல் மதிலடிக்குப் போனேன்.

"மதினி, அதிட தொண்டையில கறுத்தக் கோடு இருந்ததா? தடிப்பா, மெல்லிசா?"

"எண்ட குஞ்சு போகுது, நான் அதிட தொண்டையையா பாத்துக்கிட்டு நிக்கிற?"

"கண்ணாவது என்ன நிறம்?"

"கண்ணு கண்ணு மாதிரித்தான் இருந்த."

ஐந்தடி! அத்தனை நாள் நான் கழுத்து நோக நின்றும் கிடைக்காதது, அது தேவையில்லை என்கிற ஒருவருக்குப் பட்டப்பகலில் கிடைத்திருக்கிறது. குஞ்சுக்காக ஒரு வார்த்தை அனுதாபம் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. அந்த வெட்கம் பிறகுதான் வந்தது.

பச்சை வலையை ராத்தாவே கழற்றினார். "இனி மேல நிண்டு நல்லாப் பாருங்க தம்பி. வந்தா சத்தம் போடுங்க" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது. பறவையைத்தான் காணவில்லை. பத்து நாளுக்கு மேல் காலையிலும் நின்றேன், வெள்ளியிலும் நின்றேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அஸர் முடிந்து வந்து பார்க்கிறேன், பின் ஒழுங்கை மின்கம்பத்தின் உச்சியில் அது இருந்தது. நல்ல வெயில், மறைவு எதுவும் இல்லை. இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் முதுகு மட்டும்தான் என் பக்கம். பைனாகுலரை இறக்காமல் காத்திருந்தேன். ஒரு தரம் திரும்பு, ஒரே ஒரு தரம் என்று வாய்விட்டே கெஞ்சினேன். அது தலையை வலப்பக்கம் சாய்த்தது, இடப்பக்கம் சாய்த்தது, செட்டையைக் கோதியது. தொண்டையைக் காட்டவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும். நாலு காகங்கள் கத்திக்கொண்டு வர, எழும்பி மேற்கே வயல் பக்கம் பறந்து போனது.

காகச் சத்தம் கேட்டு ராத்தா முற்றத்துக்கு வந்தார்.

"வந்ததா தம்பி?"

"ஓம், வந்த."

"என்ன சாதி?"

"தெரியல்ல மதினி."

"இத்தின நாளாப் பாத்தும் தெரியாதா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அன்று பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு நேரமாகுமுன்பே அவர் பழைய மீன்வலை ஒன்றைக் கோழிக்கூட்டுக்கு மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். குஞ்சுகள் தப்பின. அதன் பிறகு இன்றுவரை அந்தப் பறவை எங்கள் பக்கம் வரவில்லை.