ஒரு பக்கமாக உட்கார்ந்தவன்

ஈப்போ ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுத்தவருக்கு ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். ஊசியைத் தொடுமுன் எதிரில் இருப்பவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று போயிருந்தேன். தசையிலிருந்து கசியும் நொதி ஒன்று ரத்தத்தில் கூடியிருந்ததால், இதயமாக இருக்குமோ என்று டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"ஏண்ணே ஒரு பக்கமாவே உக்காந்திருக்கீங்க?" என்றார். "கிளினிக்ல ஊசி போட்டீங்களா?"

"முதுகு வலிக்கு. மூணு நாளா தினம் ஒண்ணு. எஸ்டேட் காலத்துலேருந்தே எங்க வீட்ல ஊசி போட்டாத்தான் நோவு போகும்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"ஏசுவாங்கன்னு சொல்லல."

"ஊசி குத்தின சதையிலேருந்தும் அந்த நொதி ரத்தத்துல ஏறும்லா. போய்ச் சொல்லுங்க."

"அப்ப நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லையா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே," என்று பஞ்சை வைத்து அழுத்தினார்.

டாக்டரிடம் ஊசி போட்டதைச் சொன்னேன்; மற்ற சோதனைகளையும் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை என்று மாலையில் அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் இன்றுவரை எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், அந்த ரத்தம் எடுத்தவர் எங்கிருந்தோ பார்ப்பதுபோல, இரண்டு பக்கமும் சமமாக அழுத்தித்தான் உட்காருகிறேன்.