அட்மின் என்பவர் யார்?

கணினி சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவரா நீங்கள்? அப்படியானால், குறி கேட்கப் போகிறவரைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு என்ன தகுதி?

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றின் கருவிக் கிடங்குக்கு மேகலா பொறுப்பாளர். எந்தக் கருவி யார் கையில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருளில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று வைப்பதும் அவள் வேலைதான். "ஷிஃப்ட் மாறறப்ப வேலை நிக்கக் கூடாது மேடம்" என்று மேலாளர் ஹரீஷ்குமார் சொன்னதால், 'அட்மின்' என்று ஒரே கணக்கைத் திறந்து கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். அதில் நுழைந்தவர் பதிவை மாற்றலாம், அழிக்கலாம். ஒருமுறை திறந்த திரையை யாரும் மூடுவதில்லை.

ஆயுத பூஜை வந்தது. கருவிகளைத் துடைத்து, சந்தனம் வைத்து, அடுக்கினார்கள். சாமிக்குப் போகிற பொருளை யார் ஸ்கேன் செய்து மென்பொருளில் ஏற்றுவார்? விடுமுறை முடிந்து பார்த்தால் நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றைக் காணோம். மென்பொருளில் அது கெம்பம்மாவின் பேரில் இருந்தது. பூஜைக்குக் கருவிகளைத் துடைத்துக் கொடுத்த ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி அவர். மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவரை, வேலை இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"சிஸ்டமே சொல்லுதே மேடம்" என்றார் ஹரீஷ்குமார்.

"சிஸ்டத்துக்கு வாயா இருக்கு சார்? எழுதினது அட்மின்னு இருக்கு. அந்த அட்மின் யாரு?"

"ஸ்டோர்ல யாராச்சும் ஒருத்தரா இருக்கும்."

"நானா இருக்கலாம். நீங்களாவும் இருக்கலாம். கேட்ல நிக்கணும்னா எல்லாருமே போய் நிப்போம், வாங்க."

"ஒரு காண்ட்ராக்ட் ஆளுக்கு இவ்ளோ அலட்டலா?"

"உங்க பேரு அங்க இருந்திருந்தா அலட்டலாத் தெரியுமா சார்?"

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

அன்றே மேகலா அந்தப் பொதுக் கணக்கை மூடினாள். இனி ஆளுக்கு ஒரு கணக்கு. பதிவை மாற்ற இன்னொருவரின் ஒப்புதல் வேண்டும். அழிக்கும் அதிகாரம் ஹரீஷ்குமாருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. 'இந்தப் பதிவு சான்றாகாது. அதிகாரத்தைத் தவறாக வைத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் கொடுத்தாள். கெம்பம்மாவை உள்ளே விட்டார்கள். மைக்ரோமீட்டர் இன்றுவரை கிடைக்கவில்லை.

"என் பேரை அங்கருந்து அழிச்சுடு தாயி" என்றார் கெம்பம்மா. "பாக்கறவங்க திருடின்னுதானே நெனப்பாங்க?"

"அழிக்க மாட்டேன்க்கா. யாருக்கும் தெரியாம மாத்த முடிஞ்சதாலதான் உங்க பேரு அங்க ஏறுச்சு. அதுக்குக் கீழயே இது சான்றாகாதுன்னு என் பேரைப் போட்டு எழுதியிருக்கேன்."

கெம்பம்மாவுக்கு மனம் ஆறவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நாளை உங்கள் அலுவலகத்துக்குப் போனதும் கேளுங்கள்: இங்கே யார் பேரையும் எதிலும் ஏற்றும் அதிகாரம் யார் யாரிடம் இருக்கிறது? பதில் 'எல்லாரிடமும்' என்று வந்தால், அந்தக் கணக்கை மூடும்வரை விடாதீர்கள்.