நாலாம் வாட்டின் மின்மானி

வாவியின் மேற்குக் கரையிலிருந்த அந்த ஆஸ்பத்திரியில் ஜெனறேற்றரைப் பார்த்துக்கொண்டவர் வீரகத்தி. சுனாமியில் கடல் பொங்கிய அன்று காயக்காரரைத் தோணிகளில் இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரண்ட் இல்லை, டீசலும் அரைப் பீப்பாய்தான். வீரகத்தி நோயாளிகள் கிடந்த வாட்டு வாட்டாக ஓடி, "தையல் போடுற அறைக்கு மட்டுந்தான் லைற். மத்ததெல்லாம் நிப்பாட்டுங்க" என்றார். டொக்டரே மறுபேச்சில்லாமல் தன் அறை விளக்கை அணைத்தார்.

யுத்தம் முடிந்தபின் கரண்ட் ஒழுங்காக வந்தது. புதுக் கட்டிடம், ஏசி எல்லாம் வந்தன. ஆளில்லாத அறைகளில் ஃபேன் சுற்றுவதைக் கண்டால் வீரகத்தி, "ஒங்கட வீட்டிலயும் இப்பிடித்தானா?" என்று கத்துவார். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த வருடம் ஏறாவூரிலிருந்து நஸீறா என்ற தாதி மாற்றலாகி வந்தாள். மின்சாரச் சிக்கனத்தை டொக்டர் அவளிடம் ஒப்படைத்தார். அவள் சுவிச்சுகளில் பச்சை, சிவப்புக் கடதாசிப் பொட்டு ஒட்டினாள். பச்சையென்றால் யாரும் அணைக்கலாம், சிவப்பைத் தொடக்கூடாது. ஒவ்வொரு வாட்டின் மின்மானியையும் பார்த்து, எந்த வாட்டு குறைவாகச் செலவழித்தது என்று மாதாமாதம் பலகையில் எழுதினாள். வீரகத்தி தொண்டை வற்றக் கத்தியும் அசையாத சிற்றூழியர்கள் இப்போது போட்டிபோட்டு ஃபேனை நிறுத்தினார்கள்.

வீரகத்திக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு பொட்டுக் கடதாசிக்கு இருக்கிற மரியாதை எனக்கில்ல" என்று மனைவி பாலசுந்தரியிடம் பொருமினார்.

"அந்தப் பிள்ள சிரிச்சிக்கிட்டுச் சொல்லுது. நீங்க ஏசிக்கிட்டுச் சொல்றீங்க" என்றாள் அவள். அவருக்கு இன்னும் வயிறெரிந்தது.

நஸீறா வேலை செய்தது நாலாம் வாட்டில். அதன் பின்னாலிருந்த களஞ்சிய அறையின் கரண்டும் அந்த வாட்டுக் கணக்கில்தான் சேரும்; அறையின் சாவி வீரகத்தியிடம்தான் இருந்தது. ஒரு நாள் அவர் அங்கே ஏசியைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார். மாத முடிவில் நாலாம் வாட்டுத்தான் கடைசி. நஸீறாவின் முகம் வாடியதைப் பார்க்க அவருக்கு உள்ளுக்குள் இனித்தது.

அவள் யாரையும் ஏசவில்லை. நோயாளிகளிடம் சொல்லிவிட்டு, சிவப்புப் பொட்டில்லாத சுவிச்சுகளையெல்லாம் ஐந்து நிமிடம் அணைத்து, மின்மானிக்கு முன்னால் நின்றாள். பிறகு நேரே வீரகத்தியிடம் வந்தாள்.

"அண்ணன், எல்லாத்தையும் நிப்பாட்டியும் சக்கரம் வேகமாச் சுத்துது. இந்தக் கட்டிடம் ஒங்களுக்குத்தான் தெரியும். கரண்ட் எங்க போகுது?"

வயரில் பழுது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனார். களஞ்சிய அறையைத் திறந்தார். குளிர் முகத்தில் அடித்தது.

"நான்தான் போட்டன்."

"ஏன் அண்ணன்?"

"கடல் வந்த அண்டு நான் சொல்ல முழு ஆஸ்பத்திரியும் கேட்டது. இப்ப நீங்க சொன்னாத்தான் கேக்குதுகள். பொறுக்க ஏலாமப் போச்சு."

நஸீறா ஏசியை அணைத்தாள். "டொக்டருக்குச் சொல்லமாட்டன். ஆனா எங்கட வாட்டு ஆக்கள் ஒருத்தரையொருத்தர் சந்தேகப்படுறாங்க. அவங்களிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொன்னார். "இந்த வயசில இது என்ன வேல?" என்று சபூரா என்ற சிற்றூழியர் முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் அந்தக் கடல் வந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சபூராவும் நின்று கேட்டாள்.

வருட முடிவில் பாராட்டுப் பத்திரம் நஸீறாவுக்குக் கிடைத்தது. படம் எடுக்கும்போது அவள் அவரையும் கூப்பிட்டாள். ஓரத்தில் போய் நின்றார், சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போனதும் பாலசுந்தரியிடம் முதலில் சொன்னது, "நடுவில அவதான் நிண்டா" என்பதைத்தான்.