தெற்கே தெரியாத சிலுவை வெள்ளி

எங்கள் கோயிலில் ஞாயிறு பூசைக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். முன்பக்கம் வாசகங்கள், பின்பக்கம் அறிவித்தல்கள். இரண்டாயிரத்தின் முதல் சில ஆண்டுகளில் அந்தப் பின்பக்கத்தின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு இடம் சும்மா கிடந்தது. ஃபாதர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் ஊரிலை பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிச்சனீர் எல்லோ? ஏதாவது எழுதித் தாருமன்."

யாழ்ப்பாணத்தில் இரண்டே இரண்டு வருடம் ரியூசன் கொடுத்தவள் நான். ஆனாலும் 'படிப்பிச்சனீர்' என்று ஒருவர் சொன்னதும் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிறவள் என்றுதான் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அன்றிரவே பேனாவை எடுத்துவிட்டேன். தலைப்பு, 'இம்மாத வானம்'.

சூட்கேசில் சேலைகளுக்கு நடுவே மடித்துக் கொண்டுவந்த ஒரு நட்சத்திர வரைபடம் என்னிடம் இருந்தது. ஊரில் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கியது, இடம்பெயர்ந்தபோது கையில் அகப்பட்டது. அதை விரித்து வைத்து, மார்கழியில் அறுமீன், தையில் வேட்டைக்காரனும் அவனுடைய நாயும், மாசியில் ஏழு முனிவர் என்று மாதாமாதம் விளாசினேன். வாசகர்களும் இருந்தார்கள். பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸ் வாங்குகிறவர்கள் அந்தத் தாளில்தான் எண்ணெயை ஒற்றி எடுப்பார்கள். ஒற்றுவதற்கு முன் இரண்டு பேராவது படித்திருப்பார்கள் என்று நான் நம்பினேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வானத்தைப் பற்றி எழுதிய அந்த மாதங்களில் நான் ஒருநாள்கூட வானத்தைப் பார்த்ததில்லை. வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது கழுத்தை நிமிர்த்தினால் குளிர் சட்டைக்குள் இறங்கும். ஆர் பார்ப்பது? வரைபடம்தான் எல்லாம் சொல்கிறதே!

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மாலையில் சிலுவைப் பாதை நடக்கும். அதற்குப் பொருத்தமாக எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை. யோசனை வந்தாலே எனக்குக் கேடுதான். 'சிலுவைப் பாதை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், வெளிச்சமில்லாத ஓரிடத்தில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்துக்கு மேலே நாலு நட்சத்திரங்கள் சிலுவை வடிவில் நிற்கும். நம் கடற்கரை மக்கள் சிலுவை வெள்ளி என்பது இதைத்தான்' என்று எழுதினேன். அந்த மாதம் ஃபாதரே கூப்பிட்டுப் பாராட்டினார்.

அடுத்த சனிக்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது. கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் குடியிருந்த மன்னார்ப் பெண் தாளும் கையுமாக நின்றாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. ஏழு வயது மகளோடு தனியாக இருந்தாள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அப்போது மகளுக்கு ஆறு மாதம். உடல் கிடைக்கவில்லை. படம்கூட ஒன்று இல்லை, எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. இவ்வளவும் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"அக்கா, எந்தப் பக்கம் நிண்டு பாக்கோணும்? நேற்று மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் எடுத்து மலைக்கு மேலை போனனான். ஒரு மணித்தியாலம் நிண்டம். காணேல்லை."

எனக்கு எரிச்சல் வந்தது. தவறு தன்மேல் இருக்கும்போதுதான் மனிதருக்கு எரிச்சல் அதிகம் வரும் போலும்.

"தெற்கு எண்டு எழுதியிருக்குதெல்லே? முகில் மூடியிருக்கும். இல்லாட்டி டவுன்ரவுண் வெளிச்சம்."

"முகில் இல்லை அக்கா. வடிவான வானம்." தாளைக் கவனமாக மடித்தாள். "நான் எனக்காக இல்லை. இவள் ஒண்டையும் நம்புறாள் இல்லை. தகப்பனைப் பற்றி என்ன சொன்னாலும் 'பா வ்ரே, பா வ்ரே' எண்டு கத்துறாள். பொய்யாம்."

அவள் மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லி வளர்த்திருந்தாள். இரவில் துடுப்புப் பட்ட இடமெல்லாம் கடல் ஒளிரும். மீன்கள் செட்டை விரித்து வள்ளத்துக்கு மேலால் பறக்கும். அப்பா நடுக்கடலில் தெற்கைச் சிலுவை வெள்ளியால்தான் பிடிப்பார். எல்லாம் சத்தியமான உண்மை. ஆனால் பனியில் பிறந்தவளைப் போலவே வளர்ந்த பிள்ளைக்கு, ஒளிரும் தண்ணீரும் பறக்கும் மீனும் அப்பாவும் ஒரே புத்தகத்துக் கதைகளாகிவிட்டன. அதனால்தான் கோயில் தாளில் அச்சாகி வந்த என் நாலு வரியைக் கண்டு அந்தத் தாய் அவ்வளவு சந்தோசப்பட்டிருக்கிறாள். அச்சில் வந்தால் பொய்யாக இருக்காதே.

அவள் போனதும் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். கீழ்மூலையில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: இலங்கையிலிருந்து தெரியும் வானம்.

ஐயோ!

தென்துருவத்தை அண்டிய வெள்ளி அது. இலங்கையிலேயே பனை உயரத்துக்குத்தான் எழும்பும். இவ்வளவு வடக்கே வந்துவிட்டால் எந்த மாதத்திலும் எந்த நேரத்திலும் அடிவானத்தைத் தாண்டாது. இதை இரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான்! மொன்றியலில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து வானத்தை அல்லவா மாதாமாதம் எழுதியிருக்கிறேன். மற்ற வெள்ளிகள் இரண்டு இடத்துக்கும் பொதுவானவை என்பதால் தப்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று நாள் அவள் கண்ணில் படாமல் பின்படியால் இறங்கிப் போனேன். வெட்கக்கேடு. அந்த மூன்று நாளும் எத்தனை தந்திரம் யோசித்தேன் என்று நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. ஏதாவது நாலு வெள்ளியைக் காட்டி இதுதான் சிலுவை என்று சொல்லிவிடலாமா? பிள்ளைக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் தாய்க்குத் தெரியும். அவள் அந்த வெள்ளியைப் பார்த்து வளர்ந்தவள்.

நாலாம் நாள் உடுப்புத் தோய்க்கக் கீழே போனேன். தோய்க்கும் அறையை அடுத்ததுதான் அவர்களுடைய வீடு. கதவு ஒருக்களித்திருந்தது.

"இன்னொருக்காப் போய்ப் பாப்பம், வாம்மா. அண்டைக்கு முகில் எண்டு மேலை அக்கா சொன்னவா."

பிள்ளை முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு, தாய்க்கு விளங்க வேண்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"எனக்கு அப்பா இருந்ததே இல்லை. நீங்கள் சும்மா சொல்லுறீங்கள்."

உடுப்புக் கூடையை அப்படியே வைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"பிள்ளை, இஞ்சை பார். அன்ரி பிழையா எழுதிப்போட்டன். அம்மா சொன்னது சரி. அந்த வெள்ளி இருக்குது. ஆனா இஞ்சை தெரியாது. எனக்குத்தான் மூளை இல்லாமல் போச்சு. அடுத்த தாளிலை நானே திருத்தம் போடுவன்."

தாய் என்னைப் பார்த்தாள். மூன்று நாள் ஒளித்துத் திரிந்ததையும் அவள் கண்டிருப்பாள். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இருங்கோ அக்கா," என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

பிள்ளை என்னை விடவில்லை. "இருந்தா ஏன் தெரியாது?"

மேசையில் ஒரு தோடம்பழம் இருந்தது. அதை எடுத்து, பூமி உருண்டை, இது இலங்கை, இது மொன்றியல், இது அச்சு, இது கோணம் என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே பிடிக்காத ரியூசன் குரலாகிவிட்டது. பிள்ளை பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள். விஞ்ஞானம் படிப்பித்த இலட்சணம்.

அப்போது தாய் மெதுவாகப் பேசத் தொடங்கினாள். மகளைப் பார்க்காமல், கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கரையிலை நிண்டு பாத்தா, வள்ளம் போகப் போக முதல்லை வள்ளம் மறையும். பேந்து பாய் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அப்ப சண்டைக்காலம், மிசினுக்கு எண்ணெய் கிடையாது, பாய் கட்டித்தான் போறவை. கடைசியிலை பாயின்ரை நுனி மட்டும் ஒரு பல்லு மாதிரி நிக்கும். பேந்து அதுவும் இல்லை. ஆனா வள்ளம் தாழேல்லை, என்ரை அம்மாச்சி. அது பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். எங்கடை கண்ணுக்கும் அதுக்கும் நடுவிலை கடல் வளைஞ்சு நிக்குது. வெள்ளியும் அப்பிடித்தான். நாங்கள்தான் கன தூரம் வந்திட்டம்."

நான் தோடம்பழத்தை மேசையில் வைத்தேன். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பிள்ளை தாயைப் பார்த்தபடி இருந்தாள். "நீங்கள் பாத்தனீங்களோ? பாய் மறையிறதை?"

"ஒவ்வொரு நாளும். உன்னைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டு பாப்பன்."

"என்னையோ?"

"ஓம். நீ என்ரை தாலிக்கொடியைப் பிடிச்சுக் கடிப்பாய்."

பிள்ளை சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் காலுறையின் நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். 'அப்ப அப்பாவும் அந்த வெள்ளி மாதிரி எங்கையோ இருக்கிறாரோ' என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்டால் தாய் என்ன சொல்வாள்? நான் என்ன சொல்வேன்? எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் அவளுடைய வகுப்புக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாக்கு நீந்தத் தெரியுமோ?"

பிள்ளை கேட்காமலே இத்தனை வருடமாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தவள் தாய். பிள்ளை தகப்பனைப் பற்றித் தானாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"தெரியும்," என்றாள். மறுபடி சொன்னாள். "நல்லா நீந்துவார்."

"எவ்வளவு தூரம்?"

"கன தூரம். எங்கடை கரையிலை அவரைப் போல நீந்த ஆள் இல்லை." மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். "ஆனா அண்டைக்குக் கடல் பெரிசு, அம்மாச்சி."

பிள்ளை தாயின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் சொல்வதைப் போல, "பாவம் அப்பா," என்றாள்.