கொசுவார் கொண்டுவந்த ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வீடு வீடாகப் போய் நாய்களின் ரத்தம் எடுத்து வந்தவருக்குக் கொசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நாய் வளர்ப்பவர்கள் வைத்தது. வயதுக்கு மரியாதை கொடுத்து நாங்கள் கொசுவார் என்போம். எட்டு வருடம் ஊசியும் பஞ்சும் குளிர்ப்பெட்டியுமாகப் பங்களா பங்களாவாக ஏறி இறங்கினார். மனிதரிடம் ஒரே ஒரு குறைதான். நாயைக் கண்டால் அவருக்கு உதறல்.

ஜாதி நாய்களை இணைசேர்க்கும் முன் புரூசெல்லா கிருமி இல்லை என்று எங்களிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தக் கிருமி புகுந்தால் பெண் நாய்க்குப் பிரசவம் நெருங்கும்போது குட்டிகள் கலைந்துவிடும். ஆண் நாய்க்கு விதை வீங்கும், அத்தோடு வம்சம் முடிந்தது. வெளியே பார்த்தால் நாய் கொழுகொழுவென்று வாலாட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தைச் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும்.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே ஒரு எருமைக்கன்று அளவு நாய் கொசுவாரின் கால்சட்டையைப் பாதியாக்கி அனுப்பியது. அன்று வீடு திரும்பியவர், தன் மனைவி தெருவிலிருந்து எடுத்து வளர்த்த பாப்பா என்கிற நாயின் ரத்தத்தைக் குழாயில் பிடித்து, கால்சட்டையைக் கிழித்த நாயின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். உலகத்தில் அவர் பயப்படாத ஒரே நாய் பாப்பா. காலை நீட்டு என்றால் நீட்டும். அன்றைக்கு மட்டும் என்றுதான் செய்தார். அந்த அன்றைக்கு மட்டும் எட்டு வருடம் நீண்டது. இதெல்லாம் அவரே பிற்பாடு என்னிடம் சொன்னது. பதிவேடு எழுதும் எனக்கு அப்போது ஒரு இழவும் தெரியாது.

பங்களாக்காரர்களுக்குப் பரம சந்தோஷம். கூண்டுக்குப் பின்பக்கம் போவார், வீட்டிலேயே நிரப்பிவந்த குழாயோடு ஐந்து நிமிடத்தில் வருவார், நாய் ஒரு முனகல்கூட முனகியிருக்காது. "என்ன கை சார் அது! ஊசி குத்துனதே அதுக்குத் தெரியல" என்று சிலாகித்தார்கள். நாய் வளர்ப்போர் சங்கம் 'வலிக்காத கை' என்று பொறித்து ஒரு கோப்பையே கொடுத்தது. குட்டிகள் கலைந்த வீடுகளில் தீனியைக் குறை சொன்னார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள். சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழை யாரும் சந்தேகப்படவில்லை.

சங்கத் தலைவர் ஒருநாள் அன்பு பொங்கி, தன் நாய் படுத்துப் பிரசவித்த மெத்தையை அவருக்குக் கொடுத்தார். குட்டிகள் தங்காததால் அது சும்மா கிடந்தது.

"கொண்டு போங்க. எங்க நாய் சுத்தமான நாய், நீங்களே டெஸ்ட் பண்ணதுதானே!"

பாப்பா அப்போது சினையாக இருந்தது. மெத்தையை முகர்ந்தது, மூலைமூலையாக நக்கியது, சுருண்டு படுத்தது. ஒன்றரை மாதத்தில் அதே மெத்தையில் மூன்று குட்டிகளும் செத்து விழுந்தன.

கொசுவாரின் மனைவி அழுது தீர்த்தார். "ஊர்ல இருக்கிற நாயெல்லாம் டெஸ்ட் பண்றீங்களே, நம்ம பாப்பாவ ஒரு தடவ பண்ணா என்ன?"

 முந்தின நாள்தான் அவர் பாப்பாவிடம் பிடித்த ஏழு குழாய்களை ஏழு பங்களா நாய்களின் பெயரில் எங்களிடம் கொடுத்திருந்தார்.

எங்கள் ஆய்வுக்கூட டாக்டரம்மா கண்ணாடித் தகட்டில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரையும் சோதனைத் திரவத்தையும் கலந்து ஆட்டினார். ஏழும் பால் திரிந்தாற்போல் கட்டி தட்டின. பொய்க்கட்டியாக இருக்குமோ என்று வேறொரு முறையிலும் பார்த்தார். ஏழும் பாசிட்டிவ்.

சங்கத் தலைவர் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இது என் நாயோட ரத்தமே இல்ல!" என்று மேசையைத் தட்டினார். எட்டு வருடத்தில் அந்த மேசையில் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. சொன்னவருக்கே அது உண்மை என்று தெரியாது.

அவர் போனதும் கொசுவார் மெல்லக் கேட்டார். "இது குணமாகுமா டாக்டரம்மா?"

"முழுசாப் போகும்னு சொல்ல முடியாது. கர்ப்பப்பையை எடுக்கணும், மாசக்கணக்கா மருந்து, மத்த நாய்ங்ககிட்ட விடக் கூடாது. மனுஷங்களுக்கும் தொத்தும். சில பேர் எதுக்கு வம்புன்னு ஊசி போட்டு முடிச்சிடுவாங்க. எந்த நாய்னு சரியாத் தெரிஞ்சாதான் நான் மருந்து எழுத முடியும்."

கொசுவார் என் மேசைக்கு வந்து ஒரு புதுப் படிவம் கேட்டார். கேட்டுக் கேட்டு நானே எழுதினேன்.

"நாயோட பேரு?"

"பாப்பா."

"உரிமையாளர்?"

"நான்தான்."

"இதுக்கு முன்னாடி ரத்தம் சோதிச்சிருக்கா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "நூத்துக்கணக்குல சோதிச்சாச்சும்மா. ஒரு தடவகூட அது பேர்ல இல்ல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை நாலு அறை அறைந்திருக்கலாம். பாவமாகவும் இருந்தது.

டாக்டரம்மாவிடமும் அவரே ஒப்புக்கொண்டார், அவர் வேலை அன்றே போயிற்று. டாக்டரம்மா நேரில் போய் ஏழு நாய்களிடமும் ரத்தம் எடுத்தார். ஏழும் ஊரைக் கூட்டிக் குரைத்தன. நான்கில் கிருமி இருந்தது, சங்கத் தலைவரின் நாயையும் சேர்த்து. மறுநாளே அவர் ஃபோன் செய்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. நீங்க அந்தப் பழைய கொசுவாரையே அனுப்புங்கம்மா. அவர் கைராசிக்காரர்."

அவர் வரமாட்டார், பாப்பாவுக்கு மருந்து கொடுக்கிற நேரம் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.