மறுத்த உரிமமும் கடைந்த தண்டும்

மெல்பேர்ன் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பட்டறையில், இந்தியாவிலிருந்து வந்த கடைசல் இயந்திரத்தைச் சோதிக்கிறார்கள். வாங்கச் சொன்னவர் யாழ்ப்பாணத்து எஞ்சினியர் நடராசா. என்னை இங்கே அழைத்து வந்தவரும் அவரே. சோதனையில் தேறாவிட்டால் இயந்திரம் திரும்பிப் போகும். அவர் பேச்சும் இனி இங்கே எடுபடாது.

நான் டில்லியில் இறக்குமதி உரிமம் வழங்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வழங்கும் என்பது பெயரளவில்தான். இயந்திரத்தில் பொறித்த ஆலையின் பெயரைப் பார்த்ததும் நினைவு வருகிறது. இயந்திரத்துக்கு உயிரான சுழல்தண்டை ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்ய இந்த ஆலைக்காரர்கள் மூன்று முறை விண்ணப்பித்தார்கள். மூன்று முறையும் மறுத்தவன் நான். நடராசாவுக்கு அது தெரியாது.

"சுழல்தண்டுக்கு என்ன செய்தார்களாம்?" என்று நடராசாவிடம் கேட்கிறேன்.

"லைசென்ஸ் கிடைக்கேல்லை எண்டு தாங்களே செய்தவையாம், ஐயா. பிழைச்சுப் பிழைச்சு நாலு வருசத்திலை சரிவந்ததாம்."

பட்டறையின் வெள்ளைக்கார மேலாளர், இயந்திரம் கடைந்து தந்த கம்பியை இரு முனையிலும் அளக்கிறார். நம்பாமல் மறுபடியும் அளக்கிறார். பிறகு, இதே போல் இன்னொரு இயந்திரம் வாங்க அதற்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறார்.

நடராசா கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். "லைசென்ஸ் தராமல் விட்ட மனுசன் லேசான ஆளில்லை, ஐயா. தாங்களே செய்து பழகட்டும் எண்ட தூரப் பார்வை."

நான் தலையாட்டுகிறேன். மூன்று முறையும் கோப்பில் நான் எழுதிய காரணம், விண்ணப்பத்தில் ஒரு நகல் குறைகிறது என்பதுதான்.