உறுதி என்று எழுதிய கோப்பு

அருட்செல்வம் அந்தக் கடிதத்தை ஒன்பது நாளாகக் காற்சட்டைப் பையில் கொண்டு திரிந்தார். பராமரிப்பு வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், கொதிகலன் அறைக் கதவைச் சாத்திவிட்டு விரித்து வாசிப்பார். எத்தனை முறை வாசித்தாலும் அதே செய்திதான். வீடு நிற்கும் நிலத்தின் குத்தகைக் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது. நீட்டிக்க விரும்பினால் மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் மாத முடிவுக்குள் அறிவிக்க வேண்டும்.

இதில் விளங்காத சொல் ஒன்றும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஹவுகன்ஸ்டுவாவில் குடியிருக்கும் தமிழருக்குள் அவருக்கு 'பேப்பர் அருள்' என்று பெயர். வரிக் கடிதமோ ஆஸ்பத்திரிக் கடிதமோ, வந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரே பார்வையில், "இது ஒண்டுமில்லை, விடுங்கோ" என்பார். அல்லது, "இதுக்கு நாளைக்கே பதில் போடவேணும்" என்பார். அகதி முகாமில் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்த நோர்வேஜிய மொழி அது. அருளுக்குப் பிழைக்காது என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் மறுத்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் அந்த இரண்டு தட்டு மரவீட்டின் கீழ்த்தட்டை வாங்கியபோது, பத்திரத்தில் 'ஃபெஸ்த' என்ற சொல் இருந்தது. அகராதியைப் புரட்டினார். இறுக்குதல், உறுதியாக்குதல் என்று போட்டிருந்தது. காணிப் பத்திரத்தை 'உறுதி' என்றே சொல்லி வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நீலக் கோப்பு ஒன்று வாங்கி, அதன் முதுகில் தடித்த பேனையால் 'உறுதி' என்று எழுதினார். மாற்றான் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தல் என்ற பொருள் அதே பக்கத்தில் நாலாவதாக இருந்தது. அவ்வளவு தூரம் அவர் வாசிக்கவில்லை. குத்தகைப் பணத்துக்கு ஆண்டுதோறும் வந்த கட்டணச் சீட்டைக் காணி வரி என்று நினைத்துக் கட்டினார்.

தனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. இரண்டு வருடம் கழித்து மேல்தட்டு விலைக்கு வந்தபோது, "பயப்படாமல் வாங்கு, உறுதி என்னட்டைக் கிடக்கு" என்று கூட்டாளி இரவீந்திரனுக்குச் சொன்னதும் அவர்தான். இரவீந்திரன் மனைவி விமலாதேவியின் பெயரில் வாங்கினான். இப்போது அவனுக்கு ஸ்தவாங்கரில் வேலை. மாதத்தில் இரண்டு தரம் வீட்டுக்கு வருவான். கடிதங்களெல்லாம் விமலாதேவியின் பொறுப்பு.

வீட்டைச் சுற்றியிருந்த புல்லில் கால்வைக்க அருட்செல்வத்துக்கு இப்போது கூச்சமாக இருந்தது. நடைபாதைக் கல்லிலேயே நின்று நிலத்தைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, என்னத்தைத் துலைச்சுப்போட்டியள்?" என்று மனைவி மரியகொறற்றி சமையலறை ஜன்னலால் கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததை ஒன்பது நாளாத் தேடுறியள்."

மாதம் முடிய இரண்டு நாள் இருந்த சனிக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல் மேலே ஏறினார். விமலாதேவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"விமலா, காணி விசயமா உங்களுக்கும் ஒரு கடிதம் வந்திருக்குமே?"

"காணியோ? இல்லை அண்ணை. ஒரு பார்ட்டிக் கடிதம்தான் வந்தது."

"என்ன பார்ட்டி?"

"ஃபெஸ்த் எண்டு கிடந்தது. அதை நீட்டப்போயினமாம், எங்களுக்கும் விருப்பமோ எண்டு கேட்டவை. போன கோடையும் பக்கத்து வீட்டார் விடிய விடியப் பாட்டுப் போட்டவை. அதுதான் கீழ கிடந்த நம்பருக்கு 'வேண்டாம், நன்றி' எண்டு அனுப்பிவிட்டன்."

அருட்செல்வம் உடுப்புக் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நோர்வேஜிய மொழியில் ஃபெஸ்த் என்றால் கொண்டாட்டம். ஓரெழுத்து நீண்டால் குத்தகை.

"விமலா, அது பார்ட்டி இல்லை. இந்த வீடு நிக்கிற நிலம்."

"நிலத்துக்கு உறுதி கிடக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"சொன்னனான். பிழையா வாசிச்சுப்போட்டன்."

அவள் கையிலிருந்த சட்டையை மடிக்காமலே வைத்தாள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "அடியுங்கோ அண்ணை அந்த நம்பருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நிலத்துக்குச் சொந்தக்காரி பெரித் என்ற முதியவள். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இருந்தாள். "வேண்டாம் என்றது நீங்களா?" என்று தொலைபேசியில் கேட்டாள். "மேலே இருப்பவர்கள் விட்டுப் போகிறார்கள் என்று நினைத்தோம். மாற்றுவதானால் வீடுகள் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்கள் எல்லோரும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். நாளை நான் ஊரில் இல்லை."

கீழ்வீடு மரியகொறற்றியின் பெயரிலும் இருந்தது.

"கொறற்றி, சப்பாத்தைப் போடும். ஒரு கையெழுத்து வைக்கவேணும்."

"என்னத்துக்கு?"

"நிலத்துக்கு."

"உறுதி கிடக்கெல்லோ?"

"அது உறுதி இல்லை. குத்தகை."

அவள் அவர் கையிலிருந்த நீலக் கோப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருபத்தெட்டு வரியமா, பூசை முடிஞ்சு நிக்கிற சனத்துக்கெல்லாம் எங்கட நிலம், எங்கட நிலமெண்டு சொன்னனான்." பிறகு சப்பாத்தை எடுத்தாள். "இப்ப போனாச் சரிவருமோ?"

"தெரியாது."

ஒரு கடிதத்தைப் பற்றி அந்த வீட்டில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விமலாதேவிதான் காரோட்டினாள். வழியெல்லாம் அருட்செல்வம் மடியில் அந்த நீலக் கோப்பை வைத்து, 'உறுதி' என்ற எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்தார். பெரித் கோப்பி ஊற்றி, கடதாசியை மேசையில் வைத்தாள். பழைய நிபந்தனைகளோடு நீட்டிப்பு என்றிருந்தது. கையெழுத்து வைக்குமுன் அவர் அதை முழுதாக வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மூன்றாம் முறை தொடங்கியபோது மரியகொறற்றி பேனையை அவர் விரலுக்குள் செருகினாள்.

"கோப்பி ஆறுது" என்றாள்.

மூவரும் கையெழுத்து வைத்தார்கள். பெரித்தும் வைத்தாள். விடைபெறும்போது விமலாதேவியிடம், "உண்மையான கொண்டாட்டம் வைத்தால் வருவீர்களா?" என்று கேட்டாள். விமலாதேவி சிரிக்கவில்லை, வருவோம் என்று அவசரமாகத் தலையாட்டினாள். இனி யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அருட்செல்வம் கோப்பின் முதுகில் இருந்த சொல்லைச் சுரண்டினார். மை போனது, தடம் போகவில்லை. அதன்மேல் 'குத்தகை' என்று எழுதப் போனவரை மரியகொறற்றி தடுத்தாள். "வாற சனம் பாக்கும். சும்மா விடுங்கோ."

மறுகிழமை விமலாதேவி இன்னொரு கடித உறையோடு கீழே வந்தாள்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. பார்ட்டியோ, உறுதியோ?"

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். ஒரு பார்வையிலேயே தெரிந்தது, தண்ணீர்க் குழாய் திருத்தும் அறிவித்தல். இருந்தாலும் முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார்.

"இரும் விமலா," என்று அகராதியை எடுக்க எழுந்தார். "ஒருக்கா வடிவாப் பாப்பம்."